மேற்கே பெண் கொடாத வீடு

ரத்வாரா ஊரில் சுபகலாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் வாய் தெரியாதவர்கள் கிடையாது. எந்த வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்ததும், உள்ளே பெண்கள் கூட்டத்திலிருந்து முதலில் எழுவது அவள் குரல்தான். சம்பந்தியின் வழுக்கையில் தொடங்கி, அவருடைய தங்கைமார் யார் யாரோடு சிரித்துப் பேசினார்கள் என்பது வரை ராகம் போட்டுத் திட்டித் தீர்ப்பாள். மிதிலையில் சம்பந்திகளுக்கு அதுதான் மரியாதை. திட்டுப் பாட்டு இல்லாத பந்தியிலிருந்து, "எங்களை என்ன மூணாம் மனுஷங்கன்னு நெனச்சீங்களா?" என்று கையை உதறிக்கொண்டு எழுந்துபோனவர்கள் உண்டு.

ஆனால் அந்த உரிமை சம்பந்திக்கு மட்டும்தான். வேறு எந்த விருந்தாளியாவது இலையில் கை வைத்திருக்கும்போது அவனை ஒரு வார்த்தை கடிந்து சொல்லிவிட்டால், அதைவிடப் பெரிய பாவம் எங்கள் பக்கத்தில் இல்லை. பசுவை அடித்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட சுபகலா இரண்டு மாதமாகப் பேச்சைக் குறைத்திருந்தாள். காரணம் அவளுடைய ஒரே மகள் விபா. பாட்னாவில் வெள்ளத் தடுப்பு இலாகாவில் பொறியாளர், வயது முப்பத்தொன்று. வந்த வரன்களில் ஒன்பது பேரை ஒவ்வொரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்தவள், துர்கா பூஜை விடுமுறைக்கு வந்தபோது தானாகவே ஒரு பெயரைச் சொன்னாள். நிஷித் பாண்டே. கூட வேலை பார்க்கிறவன், நல்ல பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. சுபகலா மனதுக்குள் மஞ்சள் அரைக்கவே தொடங்கிவிட்டாள். அப்புறம்தான் ஊரைக் கேட்டாள்.

"அயோத்தி" என்றாள் விபா.

வேறு எந்த ஊராக இருந்தாலும் சமாளித்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் "மாப்பிள்ளை" என்று மொட்டையாகச் சொன்னால் அது ஒரே ஒருவர்தான். மேற்கே அயோத்தியிலிருந்து வந்து, வில்லை ஒடித்து, எங்கள் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவர். நாடே அவரைக் கும்பிடுகிறது. நாங்களும் கும்பிடுகிறோம், மாமனார் வீட்டுக்காரர்கள் எப்படிக் கும்பிடுவார்களோ அப்படி. கூட்டிக்கொண்டு போன பெண்ணைக் காடு மேடெல்லாம் நடக்க வைத்தார், தீயில் இறக்கினார், கடைசியில் ஊரில் எவனோ ஏதோ சொன்னான் என்று பிள்ளைத்தாய்ச்சியைக் காட்டில் கொண்டுபோய் விட்டார். தெய்வமாக இருக்கலாம். மாப்பிள்ளையாகத் தேறவில்லை.

ஆகவே அவர்கள் கல்யாணம் நடந்த பஞ்சமியன்று எங்கள் கோயில்களில் ஊர்வலமும் மேளமுமாக அமர்க்களப்படும், ஆனால் எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணின் வகிட்டிலும் அன்றைக்குச் செந்தூரம் ஏறாது. அந்த நாளில் கட்டிக்கொண்டவள் பட்ட பாடு போதும். அதேபோல மேற்கே பெண் கொடுப்பதும் இல்லை. படித்தவன், படிக்காதவன், வெளிநாட்டுக்குப் போய் வந்தவன் எல்லாரும் இந்த இரண்டில் ஒரே கட்சி.

மற்றவர்கள் இதைப் பழக்கத்துக்காகக் கடைப்பிடித்தார்கள் என்றால், சுபகலாவின் புருஷன் கீர்த்திநாத் ஜா சொந்தப் பகையாகவே வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய்ப் புராணம் வாசிப்பவர். மாப்பிள்ளை கட்டிக்கொண்டு போன அந்தப் பெண் ஏதோ பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவள் போலவும், அவளைப் பல்லக்கில் ஏற்றிவிட்டு வந்த சித்தப்பா தானே போலவும் பேசுவார். ஒருமுறை பிரயாகைக்கு யாத்திரை போனபோது, வண்டி அயோத்தி வழியாகப் போகும் என்று தெரிந்து, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வண்டியில் போனார். சுபகலாவுக்கு அந்தப் பயணத்தில் பிடித்த இடுப்பு வலி இன்னும் விடவில்லை. தொலைக்காட்சியில் எந்தச் சாமியாராவது மாப்பிள்ளையின் ஆட்சியை ஆகா ஓகோ என்று புகழ்ந்தால், "ராஜாவா இருந்தாரு, ஒத்துக்கறேன். புருஷனா இருந்தாரா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை அணைப்பார்.

விபா கேட்டதற்கு அவர் கொடுத்த பதிலும் சுருக்கமானதுதான்.

"கிழக்கு இருக்கு, தெற்கு இருக்கு, வடக்கே நேபாளமே இருக்கு. அதுல எங்க வேணாலும் பாரு."

"அப்பா, அவன் வீடு அயோத்தியில இருக்கு, அவ்வளவுதான். அவன் யாரையும் காட்டுக்கு அனுப்பல."

"இன்னும் கல்யாணம் ஆகலையே."

விபா சிரித்திருக்க வேண்டும். வழக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "நீங்க அனுப்பாம நான் ஓடிப் போக மாட்டேன். ஆனா வேற ஒருத்தன் கையால செந்தூரமும் வெச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை வண்டிக்கே பாட்னா போய்விட்டாள். அடுத்து சூரியனைக் கும்பிடும் சட் பண்டிகை வந்தது. அந்தப் பண்டிகைக்குப் பம்பாயிலிருந்தும் டெல்லியிலிருந்தும்கூட எங்கள் பிள்ளைகள் ரயில் படியில் தொங்கிக்கொண்டாவது வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். நான்கு மணி நேரத் தூரத்தில் இருந்த விபா வரவில்லை. குளத்துத் தண்ணீரில் இடுப்பளவு நின்று சூரியனுக்குக் கூடையை ஏந்தியபோதும் சுபகலாவின் கண் கரைமேல் வழியைத்தான் பார்த்தது. கல்யாணம் நடக்காமல் போவதுகூட இருக்கட்டும். பெண் இந்த வீட்டை விட்டே போய்விடுவாளோ என்பதுதான் அவளுக்குப் பயம்.

பயம் வந்தால் சுபகலாவுக்கு மூளை வேகமாக வேலை செய்யும். நிஷித்தின் அம்மா பிரபாவதி, பஞ்சமி ஊர்வலம் பார்க்க, மாப்பிள்ளை வில் ஒடித்த ஜனக்பூருக்கு மகனோடு போகிறாள் என்று விபா போனில் சொல்லியிருந்தாள். ஜனக்பூருக்கு ரத்வாரா வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் போகலாம். சுபகலா தானே போன் போட்டு, "போற வழியில ஒரு வேளை கை நனைச்சுட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். மகளையும் அவர்களோடு வரச் சொன்னாள். புருஷனிடம் கடைசியில்தான் சொன்னாள்.

கீர்த்திநாத் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "விருந்தாளியா வந்தா விருந்து. சம்பந்தம்னு ஒரு வார்த்தை எடுத்தா நான் எழுந்து போயிடுவேன். சொல்லிட்டேன்."

"யாரு எடுக்கப் போறாங்க? நீங்களும் எடுக்காதீங்க."

அடுத்த வேலை, ஊர்ப் பெண்களின் வாயைக் கட்டுவது. இது வெள்ளத்துக்குக் கரை கட்டுவதைவிடக் கஷ்டம். பக்கத்து வீட்டில், ஊருக்கே சித்தி முறையான புச்சிக் காகிக்கு எழுபது வயது, பல் நான்கு, திட்டுப் பாட்டு நானூறு. அயோத்தியிலிருந்து ஒரு பையன் வருகிறான் என்று கேட்டதும் அவளுக்கு வாயெல்லாம் ஊறிவிட்டது.

"அடி மருமகளே, அயோத்திக்காரன் நம்ம இலையில உக்காரப் போறான். ஒரே ஒரு பாட்டு. சின்னதா."

"காகி, பாடினா சம்பந்தம்னு அர்த்தமாயிடும். இவரு எழுந்து போயிடுவாரு. உங்க காலைப் பிடிச்சுக்கறேன், மூச்சு விடக்கூடாது."

"மூச்சு விடாம எப்படிடி இருக்கிறது?" என்றாள் காகி. ஆனாலும் பஞ்சமிக்கு முந்தின நாள் மதியம், இன்னும் ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து உள்ளறையில் உட்கார்ந்துகொண்டாள். பாடத்தான் கூடாது, பார்க்கலாம் அல்லவா.

கூடத்தில் மணைப்பலகை போட்டு அம்மாவையும் பிள்ளையையும் உட்கார வைத்தார்கள். சோறு, நெய் விட்ட பருப்பு, வாழைக்காயும் சேம்பும் பரங்கிப்பூவுமாகப் பதினோரு வகை வறுவல், குளத்தில் விளையும் மக்கானா விதைப் பாயசம், கெட்டித் தயிர். மீன் குழம்பை மட்டும் சுபகலா அடுப்படியிலேயே மூடி வைத்திருந்தாள். அயோத்திப் பிராமணர்கள் மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்துவார்கள் என்று விபா எச்சரித்திருந்தாள். மீன் சாப்பிடாத பிராமணனை எப்படி நம்புவது என்று புச்சிக் காகி உள்ளே முணுமுணுத்தது கூடம் வரை கேட்டது.

நிஷித் பார்க்க லட்சணமாக இருந்தான். கொஞ்சம் அதிகமாகவே பணிவாக இருந்தான். பிரபாவதி ஒடிசலான பெண்மணி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் சாப்பிட்டாள். எதிரே கீர்த்திநாத் கையைக் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பருப்பு போடு", "தயிர் வை" என்று உபசாரத்துக்குக் குறைவில்லாமல் நடந்துகொண்டார். அந்த உபசாரத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. விபா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாயசம் பரிமாறுகிற சமயத்தில் பிள்ளையாண்டானுக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. பெரியவருக்கு அயோத்தியின் மேல் என்ன வருத்தம் என்று அவனுக்குத் தெரியும். அந்த வருத்தத்தை வேரோடு பிடுங்கிவிட ஒரு வழி இருக்கும்போது சொல்லாமல் போகலாமா?

"ஐயா, ஒரு விஷயம். அவங்களைக் காட்டுக்கு அனுப்பின அந்தக் கடைசிப் பகுதி இருக்கே, அது மூலத்துலயே கிடையாதுன்னு நிறையப் பேர் சொல்றாங்க. பின்னாடி யாரோ எழுதிச் சேர்த்ததாம். அப்படி ஒண்ணு நடக்கவேயில்ல." நல்ல செய்தி கொண்டுவந்தவனைப் போலச் சிரித்தான்.

கீர்த்திநாத்தின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"நடக்கலையா?"

"ஆமாங்க, ஆராய்ச்சியில..."

"நடக்கலைன்னா நாங்க இத்தனை காலமா எதுக்குடா அழுதோம்?" அவர் எழுந்தே விட்டார். "செஞ்சதையும் செஞ்சுட்டு இப்போ செய்யவேயில்லைன்னு சொல்ல வந்துட்டியா? பாயசத்தைக் குடிச்சுப் பிள்ளை பெத்த ஊருதானே உங்க ஊரு! ஆம்பளைங்க எல்லாம் அப்போ என்ன, கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தீங்களா? மூணு பெண்டாட்டியைக் கட்டிக்கிட்டு, ஒருத்தி மூஞ்சியைத் தூக்கினா பெத்த பிள்ளையைத் துரத்தின கிழவன் ஊரு! எவனோ தெருவுல ஒரு வார்த்தை சொன்னா, பெண்டாட்டியை வெளியில தள்ளுற ஊரு! உங்க ஊர்ல ஆம்பளைன்னு ஒருத்தனாவது..."

அங்கே நின்றார். நிஷித்தின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. விரலிலிருந்து பாயசம் சொட்டியது.

"ஐயையோ, சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற பிள்ளையை!" என்று உள்ளறையில் யாரோ வாயில் அடித்துக்கொண்டார்கள்.

கீர்த்திநாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் அதிதியின் பெருமையைப் புராணத்திலிருந்து எடுத்துச் சொன்ன மனுஷன், சொந்த வீட்டில், இலையில் கை வைத்திருந்த விருந்தாளியைத் திட்டிவிட்டார். அதுவும் எட்டுப் பெண்கள் சாட்சியாக. இனி எந்த வீட்டில் போய் ஏட்டை விரிப்பார்?

சுபகலா கையில் பாயசக் கரண்டியோடு நடுக்கூடத்துக்கு வந்தாள். இதை அவள் திட்டம் போடவில்லை. ஆனால் தானாக வந்து மடியில் விழுந்ததை விட்டுவிடுகிற ரகமும் இல்லை.

"ஏங்க, சாப்பிடுறவரைத் திட்டிட்டீங்க. வாய் தவறித் திட்டினதுன்னா மகாபாவம். சம்பந்தி முறையில திட்டினதுன்னா மரியாதை. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

 கீர்த்திநாத் நிஷித்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். "நான்... அது வந்து..." என்றார். சுபகலா அதற்குமேல் காத்திருக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எடுத்தாள் பாட்டை. புருஷன் எந்த வார்த்தையில் விட்டாரோ அதே வார்த்தையில் தொடங்கினாள்.

"பாயசம் குடிச்சுப் பிறந்தவரே, இன்னும் ஒரு கிண்ணம் வேணுமா? உங்க அப்பாருக்கு வேலை இல்லையே, வாசல்ல காவல் இருந்தாரா?"

கரை உடைந்தது. இரண்டு மணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த எட்டுப் பெண்களும் ஒரே குரலில் பிடித்துக்கொண்டார்கள். புச்சிக் காகி பையனின் அத்தையை இழுத்தாள், சித்தியை இழுத்தாள், இருக்கிறாளோ இல்லையோ என்றுகூடத் தெரியாத அவன் தங்கையைச் சரயு நதிப் படகோட்டியோடு அக்கரைக்கு அனுப்பி வைத்தாள். நிஷித் மிரண்டுபோய் எழப் பார்த்தான். அம்மா அவன் தொடையில் தட்டி உட்கார வைத்தாள்.

"சாப்பிடுடா. உனக்குப் பொண்ணு குடுத்துட்டாங்க."

அதோடு விடவில்லை அந்த ஒடிசல் பெண்மணி. பாயசத்தின் கடைசி வாயை விழுங்கி, கையைக் கழுவி, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, பெண்கள் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்துத் தன் ஊர் மெட்டில் எடுத்தாள்.

"பொண்ணைப் பெத்தது யாருன்னு கேட்டா, ஏரைக் காட்டுறாங்க மிதிலையிலே! வயல்ல கிழங்கு தோண்டப் போயி, மகளைத் தோண்டினாங்க மிதிலையிலே!"

 புச்சிக் காகி நான்கு பல்லும் தெரியச் சிரித்து, "இவ சம்பந்தி! இவதாண்டி சம்பந்தி!" என்று கைதட்டினாள். விபா அடுப்படி வாசலில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சுபகலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

கீர்த்திநாத் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"பாட்டெல்லாம் சரி. எனக்கு ஒரு கேள்வி இருக்கு, சம்பந்தியம்மா."

அவர் சம்பந்தி என்று சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. யாரும் அதைக் கிண்டல் பண்ணத் துணியவில்லை. அவர் குரல் அப்படி இருந்தது.

"அவளைக் காட்டுல இறக்கி விட்டுட்டுத் தேர் திரும்பிப் போச்சு. சரி. அவ ஏன் எங்க வீட்டுக்கு வரல? அவளுக்கு அப்பன் இல்லையா? வாசல் இல்லையா? யாரோ முனிவர் குடிசையில போய்ப் பிள்ளை பெத்தா. பன்னெண்டு வருஷம். அந்தப் பன்னெண்டு வருஷத்துல இங்கேர்ந்து ஒரு ஆளு போய், 'வாம்மா, வீட்டுக்குப் போகலாம்'னு கூப்பிட்டானா? எனக்குக் கிடைச்ச ஏடு எல்லாத்தையும் புரட்டிட்டேன். அப்பன் போய்க் கூப்பிட்டான்னு ஒரு வரியை நான் பாக்கல. உங்க ஊரைத் திட்டுறேன், திட்டுறேன்... எங்க ஊரு என்ன செஞ்சுது?"

சுபகலா கரண்டியைக் கீழே வைத்தாள். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், இந்த மனுஷனுக்கு அயோத்தியின் மேல் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். கோபம் பாதிதான். மீதி வெட்கம். அது இத்தனை நாள் தெரியாமல் போனதற்கு அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பிரபாவதி மெதுவாகச் சொன்னாள். "எங்க வீட்டுல முடிசூட்டோட ஏட்டை மூடிடுவோம், பண்டிதரே. மேல வாசிக்கிறதில்ல. நல்ல எடத்துல நிறுத்தணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. அதெல்லாம் சும்மா. அதுக்கு மேல வாசிக்க எங்களுக்கு மூஞ்சி இல்ல." விபாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "உங்க பொண்ணு ஒரு நாள் முகம் வாடி இருந்தாலும், நானே ரயிலேறி இங்க கொண்டுவந்து விடுறேன்."

"நீங்க கொண்டுவந்து விட வேண்டாம்." கீர்த்திநாத் மகள் பக்கம் திரும்பினார். "அவளா வரணும். யாரையும் கேக்காம வரணும். விபா, எது நடந்தாலும் நீ நேரா இங்க வருவேன்னு சொல்லு. அப்பன் வீடு இருக்குன்னு தெரியுமில்ல?"

விபா முகத்திலிருந்து கையை எடுத்து அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லேம்மா. வருவேன்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே நான் பஞ்சாங்கத்தை எடுக்கறேன். வருவேதானே? நாலு மணி நேரத் தூரத்துல இருந்துக்கிட்டு சட் பண்டிகைக்கே வரலையே நீ. அதான் கேக்கறேன்."

"நீங்க கூப்பிடலையேப்பா" என்றாள் விபா.

 கீர்த்திநாத் நின்ற இடத்திலேயே நின்றார்.  உதவி தேடி மனைவியைப் பார்த்தார். சுபகலா உதவவில்லை. அந்த இரண்டு மாதமும் அவள் தினமும் போன் போட்டாள், அவர் ஒரு நாளும் போனைக் கையில் வாங்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவர் நான்கு எட்டு நடந்து அடுப்படி வாசலுக்குப் போனார். மகளின் தலையில் கை வைக்கப் போய், எச்சில் கை என்று நினைத்தவர் போல வேட்டியில் துடைத்தார். அவர் இன்னும் சாப்பிடவே இல்லை.

"ஹோலிக்கு வாம்மா" என்றார். "கூப்பிடுறேன், கேட்டியா? இத்தனை பேர் முன்னாடி கூப்பிடுறேன். அவனையும் கூட்டிக்கிட்டு வா. மீன் சாப்பிடலைன்னா பரவாயில்ல."